வாரம் முழுக்கச் சேர்ந்து சாப்பிட முடியாவிட்டால் பிள்ளைகளுக்கு நஷ்டமா?

கேட்டவர் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு தாய். கணவர் பேருந்து ஓட்டுநர், ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். இவர் அலுவலகம் முடிந்து வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடுகிறது. மகள் உயர்நிலை 2, மகன் தொடக்கநிலை 4. துணைப்பாடம், இணைப்பாட நடவடிக்கை என்று இருவருக்கும் ஆளுக்கொரு நேரம். மாமியாருக்கு நீரிழிவு, ஏழு மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும். "அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் மூலைக்குப் போய்விடுகிறோம். மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாள். தினமும் சேர்ந்து சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகள்தான் நன்றாகப் படிக்கும், கெட்ட சகவாசத்துக்குப் போகாது என்கிறார்கள். அப்படியானால் எங்கள் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள்?" என்பது அவர் கேள்வி.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேள்விப்பட்டதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி உண்மையாக இருந்தாலும், அதற்குத் தினசரி இரவுச் சாப்பாடு தேவையில்லை.

"சேர்ந்து சாப்பிட்டால் பிள்ளை கெடாது" என்ற பேச்சு உலகமெங்கும் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தை ஒட்டி இயங்கிய போதைப்பழக்க ஆய்வு மையம் 2000களில் அடுத்தடுத்து வெளியிட்ட அறிக்கைகள். வாரத்தில் 5 நாளோ அதற்கு மேலோ குடும்பத்தோடு இரவு உணவு சாப்பிடும் பதின்ம வயதினரையும், 3 நாளுக்கும் குறைவாகச் சாப்பிடுவோரையும் அவை ஒப்பிட்டன. முதல் கூட்டத்தில் சிகரெட், மது, போதைப்பொருள் எல்லாமே குறைவாக இருந்தன. செய்தித்தாள்களுக்கு இது கரும்பு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தினமும் ஆறு மணிக்குள் பெற்றோர் இருவரும் வீட்டில் இருக்கிறார்கள், சண்டை சச்சரவு இல்லை, வருமானம் நிலையாக இருக்கிறது என்றால் அந்த வீட்டில் சேர்ந்து சாப்பிடுவதும் நடக்கும், பிள்ளையும் ஒழுங்காக இருக்கும். இதில் எது எதற்குக் காரணம்? கெல்லி மியூசிக், ஆன் மையர் என்ற இரு சமூகவியலாளர்கள் சுமார் 18,000 பதின்ம வயதினரின் தரவை வைத்து இதைத்தான் சோதித்தார்கள். குடும்ப வருமானம், பெற்றோருடனான உறவு, வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்ததும் இரவுச் சாப்பாட்டின் செல்வாக்கு கணிசமாகச் சுருங்கியது. மனச்சோர்வு அறிகுறிகள் விஷயத்தில்தான் அது ஓரளவு தாக்குப்பிடித்தது. அந்த நன்மையும் பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு நீடித்ததற்குப் பெரிய சான்று இல்லை. ஆய்வு வெளியானது 2012இல். இரண்டு ஆண்டு கழித்து அவர்களே இன்னொன்றும் எழுதினார்கள்: பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உறவு நன்றாக இருக்கும் வீட்டில்தான் சேர்ந்து சாப்பிடுவது பலன் தருகிறது, முறுக்கிக்கொண்டு நிற்கும் வீட்டில் சாப்பாட்டு மேசை பெரிதாக எதையும் சரிசெய்வதில்லை.

ஆகவே "நாங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை, அதனால் பிள்ளை கெட்டுப்போகும்" என்ற சங்கிலியை அறுத்துவிடுங்கள். உங்கள் கணவர் ஷிப்டில் இருப்பது குற்றமல்ல. அவர் ஓட்டும் பேருந்தில்தான் மற்ற அப்பாக்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள்.

அப்படியானால் சேர்ந்து சாப்பிடுவதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, மூன்று விஷயங்களில். ஒன்று உடல், ஒன்று மொழி, ஒன்று குடும்பக் கதை. கடைசி இரண்டும் நம்மைப் போன்ற வீடுகளுக்கு முதலாவதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

உடலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011இல் ஹேமன்ஸ், ஃபீஸ் என்ற இருவர் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 1,82,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். வாரத்தில் 3 வேளையோ அதற்கு மேலோ குடும்பத்தோடு சாப்பிடும் பிள்ளைகளிடம் அதிக எடைக்கான வாய்ப்பு 12 விழுக்காடும், பட்டினி கிடப்பது, வேண்டுமென்றே வாந்தியெடுப்பது போன்ற உணவுக் கோளாறுகளுக்கான வாய்ப்பு 35 விழுக்காடும் குறைவாக இருந்தன. முன்பு சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும், இதுவும் தொடர்பைத்தான் காட்டுகிறது. ஆனாலும் கவனிக்க வேண்டியது அந்த மூன்று என்ற எண். வாரத்தில் மொத்தம் 21 வேளை. ஏழு இரவுகளைத் தேடி அலையாமல், இருபத்தொன்றில் மூன்றைத் தேடுங்கள்.

உண்மையிலேயே சோதனை செய்து பார்த்த ஆய்வும் ஒன்று உண்டு. பெர்லினில் 50 பெற்றோர்-பிள்ளை இணைகளை அழைத்து இரண்டு மாலைகளில் இரவு உணவு கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு வயது 6 முதல் 11. ஒரு மாலை அவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரம், அதாவது சுமார் 20 நிமிடம். இன்னொரு மாலை அதைவிடப் பத்து நிமிடம் கூடுதல். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் ரொட்டியையோ இனிப்பையோ கூடுதலாகச் சாப்பிடவில்லை. கையில் எடுக்கத் தோதாக வெட்டி வைத்திருந்த பழமும் காய்கறியும்தான் ஏறத்தாழ ஏழு துண்டு கூடுதலாக உள்ளே போயின. 2023இல் வெளியானது இது. உங்கள் மகன் வெள்ளரிக்காயைத் தொடமாட்டான் என்றால் அதட்ட வேண்டாம். விரல் நீளத்துக்கு வெட்டி நடுவில் வைத்துவிட்டு, நீங்கள் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருங்கள்.

இனி மொழி. பாஸ்டன் பகுதியில் கேத்தரின் ஸ்னோவும் அவருடன் சேர்ந்தவர்களும் வருமானம் குறைந்த குடும்பங்களின் சாப்பாட்டு நேரப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, பிள்ளைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். அன்றாடம் அதிகம் புழங்காத சொற்கள் சாப்பாட்டு நேரத்தில் நிறைய வந்துபோன வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னாளில் சொல்வளம் கூடுதலாக இருந்தது. காரணம் லேசில் புரிவதுதான். சாப்பிடும்போதுதான் பெரியவர்கள் நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் வரிசையாகச் சொல்கிறார்கள். "குளி", "கிளம்பு", "வீட்டுப்பாடம் முடிச்சியா" என்ற மூன்று கட்டளைகளைத் தாண்டிய தமிழ் அங்கேதான் கிடைக்கிறது.

சிங்கப்பூரில் இதற்கு வேறொரு கனம் உண்டு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்குள்ள இந்தியர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 36.7 விழுக்காடு. 2020இல் அது 27.9 விழுக்காடாக இறங்கிவிட்டது. ஆங்கிலம் 41.6இலிருந்து 59.2க்கு ஏறியது. இதற்கு மாற்றாகத் துணைப்பாட ஆசிரியரைத் தேடுகிறோம். தேடுங்கள், தவறில்லை. ஆனால் ரசம் கமறுது, கத்திரிக்காய் கசக்குது, சோறு குழைஞ்சுபோச்சு, குழம்பு நீர்க்க இருக்கு, அப்பளம் நமத்துப்போச்சு என்பதையெல்லாம் எந்தப் பயிற்சித்தாளும் கற்றுத்தராது. மகனிடம் தமிழில் பேசு பேசு என்று வற்புறுத்தத் தேவையில்லை. பாட்டியும் நீங்களும் குழம்பைப் பற்றித் தமிழில் வாதாடிக்கொண்டிருந்தால் அவன் காதில் விழும். பதிலை அவன் ஆங்கிலத்தில் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அங்கேயே திருத்த ஆரம்பித்தால் அடுத்த நாள் வாயே திறக்கமாட்டான்.

மூன்றாவது குடும்பக் கதை. உங்கள் வீட்டில் ஒரு சொத்து சும்மா கிடக்கிறது என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். எமரி பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் 2001 வாக்கில் பிள்ளைகளுக்கென்று 20 கேள்விகள் தயாரித்தார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உன் பெற்றோர் முதலில் எங்கே சந்தித்தார்கள், நீ பிறந்த கதை தெரியுமா, உங்கள் குடும்பத்தில் நேர்ந்த பெரிய நோயோ துன்பமோ உனக்குத் தெரியுமா, இப்படி. சில குடும்பங்களின் சாப்பாட்டு மேசைப் பேச்சையும் பதிவு செய்தார்கள். குடும்பத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், நம் வாழ்க்கை நம் கையில் இருக்கிறது என்ற தெம்பும் கூடுதலாக இருந்தன. இருபது பதிலையும் மனப்பாடம் செய்யவைத்தால் பலன் வராது என்று டியூக்கே பிற்பாடு எச்சரித்தார். அந்தக் கதைகள் காதில் விழும்படி பெரியவர்களும் சிறியவர்களும் ஓரிடத்தில் திரும்பத் திரும்ப உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

உங்கள் மாமியார் ஏழு மணிக்குத் தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விடுகிறார் என்கிறீர்கள். உங்கள் கணவரின் தாத்தா ரஜுலா கப்பலில் வந்தாரா, சிதம்பரம் கப்பலிலா? செம்பவாங் கடற்படைத் தளத்தில் யாராவது வேலை பார்த்தார்களா? 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பிப் போனபோது அந்த வேலை என்ன ஆயிற்று? கம்பத்து (கிராமத்து) வீட்டைக் காலிசெய்து அடுக்குமாடிக்கு வந்த முதல் இரவு என்ன சமைத்தார்கள்? இதெல்லாம் உங்கள் மகனுக்குத் தெரியுமா? நம் குடும்பங்களில் துன்பக் கதைகளைப் பிள்ளைகளிடம் மறைப்பதும் உண்டு. வேலை போனது, தொழில் நொடித்தது, கடன்காரன் வாசலில் நின்றது எல்லாம் "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு" என்று மூடிவைக்கப்படும். வயதுக்கு ஏற்ற அளவில் திறந்துவிடுங்கள். தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் மதிப்பெண் குறைந்தால் உலகமே முடிந்தது என்று நடுங்கும் பிள்ளைக்கு, தாத்தா இரண்டு முறை விழுந்து எழுந்தவர் என்று தெரிவது நல்லது.

நீரிழிவு பற்றி ஒரு வார்த்தை. இன்சுலின் போடுபவரும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கக்கூடிய சில மாத்திரைகளைச் சாப்பிடுபவரும் குடும்பம் கூடும்வரை பசியோடு காத்திருக்கவே கூடாது. "எல்லாரும் வந்தபிறகு சாப்பிடுறேன்" என்று அவர் பாசத்தில் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஏழு மணிச் சாப்பாடு ஏழு மணிக்கே நடக்கட்டும். எட்டரைக்கு நீங்கள் உட்காரும்போது அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, சர்க்கரை போடாத தேநீர் கொடுங்கள். கதை சொல்ல அது போதும். தட்டு முன்னால் இருந்தால்தான் குடும்பத்தோடு சாப்பிட்ட கணக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை.

இங்கே ஒரு கசப்பான சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து சாப்பிடுவது நம் முன்னோர் வழக்கம், நாகரிகம் வந்து கெடுத்துவிட்டது என்று மேடைகளில் பேசுகிறார்கள். பெரும்பாலான தமிழ் வீடுகளில் நடந்தது வேறு. ஆண்களும் பிள்ளைகளும் முதலில் உட்காருவார்கள், பெண்கள் பரிமாறுவார்கள், எல்லாரும் எழுந்தபின் மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர் சேர்ந்து சாப்பிடுவதா? இன்றும் இங்கே பல வீடுகளில், எல்லாரும் மேசையில் இருக்க அம்மா மட்டும் தோசைக்கல் பக்கம் நின்றுகொண்டிருக்கிறார். சுடச்சுடக் கொடுத்தால்தான் பிடிக்கும் என்பது காரணம். அந்தப் பத்து நிமிடத்தில் மேசையில் நடக்கும் பேச்சு முழுவதும் அவருக்கு இல்லை.

ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் அந்த மூன்று வேளைகளில், நின்றுகொண்டு சுடவேண்டிய எதையும் சமைக்காதீர்கள். தோசை, பூரி, ஆம்லெட் எல்லாம் மற்ற நாளுக்கு. சோறு, மீன் குழம்பு, ஒரு பொரியல் என்று சட்டியோடு நடுவில் வைத்துவிட்டு உட்காருங்கள். அவரவர் அள்ளிப் போட்டுக்கொள்ளட்டும். பணிப்பெண் இருக்கும் வீடானால் அவரையும் அதே நேரத்தில் சாப்பிடச் சொல்லுங்கள். ஒருவரை நிற்கவைத்துப் பரிமாறச் சொல்லிவிட்டுப் பிள்ளைக்குப் பண்பு சொல்லிக்கொடுக்க முடியாது.

சமைக்கவே முடியவில்லையா? வாங்குங்கள். கீழே காப்பிக்கடையில் பொட்டலம் கட்டி வாங்கிவந்த மீ கோரெங்கும் குடும்பச் சாப்பாடுதான். நம் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் தன் பட்டியலில் சேர்த்ததற்குப் பல காரணங்களில் ஒன்று, அது ஊரார் கூடியிருந்து சாப்பிடும் இடம் என்பது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டி நடுவில் வையுங்கள், அவ்வளவுதான். ஆளுக்கொரு பெட்டியாக நீட்டினால் ஆளுக்கொரு மூலைக்குப் போவது சுலபமாகிவிடும். கூடவே வெட்டிய பழம் ஒரு தட்டு.

நேரத்துக்கு வருகிறேன். கணவருக்குக் காலை ஷிப்ட் உள்ள வாரத்தில் மாலை கிடைக்கும். பிற்பகல் ஷிப்ட் வாரத்தில் இரவு கிடைக்காது, காலை கிடைக்கும். பள்ளிகள் ஏழரைக்கு முன் தொடங்குவதில்லை என்பதால் ஆறு மணிக்கு எழும் வீட்டில் பதினைந்து நிமிடம் ரொட்டியும் முட்டையும் சேர்ந்து சாப்பிட வழி உண்டு, முதல் வாரம் எல்லாரும் தூங்கி வழிவார்கள். அவருக்கு ஓய்வு நாள் எதுவோ அந்த நாள் ஒரு வேளை. ஆக, ஒவ்வொரு மாதமும் அவருடைய ஷிப்ட் அட்டவணை வந்ததும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, வாரத்துக்கு மூன்று வேளையை வட்டம் போட்டுவிடுங்கள். "முடிஞ்சா சேர்ந்து சாப்பிடலாம்" என்று விட்டால் இந்த ஊரில் ஒருநாளும் முடியாது.

உங்கள் அலுவலகத்திலும் வாய்ப்பு இருக்கிறது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்து 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டியின்படி, தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி எழுத்தில் கேட்டால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சம்மதித்தே ஆகவேண்டும் என்று இல்லை. ஆனால் "வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறேன்" என்பது பெரிய கோரிக்கை அல்ல, கேட்டுப் பாருங்கள். குடும்பத்தோடு சாப்பிடுவதற்கென்றே ஒரு தினத்தை சென்டர் ஃபார் ஃபாதரிங் அமைப்பு 2003இலிருந்து நடத்திவருகிறது, ஊழியர்களை ஐந்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்ளும் நாள் அது. வருடத்தில் சில நாள்தான். ஆனால் மேலாளரிடம் பேச்சை எடுக்க அது நல்ல சாக்கு.

ஊரில் இருக்கும் உங்கள் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ள நினைத்தால் ஞாயிறு மதியம் பாருங்கள். இங்கே இரண்டரை என்றால் தமிழ்நாட்டில் பன்னிரண்டு. இங்கு தாமதமான மதிய உணவு, அங்கு கொஞ்சம் சீக்கிரமான மதிய உணவு. விடுதிகளில் இருக்கும் நம் தொழிலாளர்கள் பலர் இரவுச் சாப்பாட்டின்போது கைப்பேசியைச் சாய்த்துவைத்து ஊரில் இருக்கும் மனைவி மக்களோடு பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். வசதியுள்ள நம் வீடுகளுக்கு அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மற்ற நேரங்களில் கைப்பேசி மேசைக்கு வரக்கூடாது. ஆனால் விதி முதலில் பெரியவர்களுக்கு. பாஸ்டன் பகுதித் துரித உணவகங்களில் பிள்ளைகளோடு வந்த 55 பெரியவர்களை ஆய்வாளர்கள் ஓரமாக உட்கார்ந்து கவனித்தார்கள். 40 பேர் சாப்பாட்டின்போது கைப்பேசியை எடுத்தார்கள், அதில் பலர் கண்ணையே எடுக்கவில்லை. 2014இல் வெளியான கணக்கு இது, இப்போது எடுத்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் அரசாங்கம் 2025 ஜனவரியில் 'குரோ வெல் எஸ்ஜி' என்ற பிள்ளைகள் நலத் திட்டத்தோடு வெளியிட்ட திரைநேர வழிகாட்டியிலும் சாப்பாட்டு வேளையில் திரை வேண்டாம் என்றே இருக்கிறது. கணவருக்கு டிப்போவிலிருந்து அழைப்பு வரக்கூடும் என்றால் அவருடைய கைப்பேசியை மட்டும் ஒலியோடு அடுத்த அறையில் வைக்கலாம்.

கைப்பேசியைவிட மேசையைக் கெடுப்பது மதிப்பெண் விசாரணை. "கணக்குல எத்தனை? அந்தப் பையன் எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே சோறு போட்டால் எந்தப் பிள்ளையும் தட்டோடு அறைக்கு ஓடத்தான் செய்யும். பள்ளிப் பேச்சுக்கு வேறு நேரம் வையுங்கள். "இன்னும் ரெண்டு வாய்", "உடம்பு போட்டுட்டே" போன்ற பேச்சும் வேண்டாம், குறிப்பாக பதின்ம வயதுப் பெண்ணிடம். எல்லின் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்த விதம் எனக்குப் பிடிக்கும்: என்ன சமைப்பது, எப்போது, எங்கே என்பது பெற்றோர் தீர்மானம். அதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் தீர்மானம். நம் பாட்டிமார்களுக்கு இது லேசில் இறங்காது. மாமியாரிடம் இதைக் கணவர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடும் மகள். எல்லா நாளும் வெளியே வா என்று இழுக்காதீர்கள். வட்டம் போட்ட மூன்று வேளைக்கு மட்டும் கண்டிப்பு, மற்ற நாள் அவள் விருப்பம். அந்த மூன்றில் ஒன்றுக்கு என்ன சாப்பாடு என்பதை அவள் முடிவு செய்யட்டும், முடிந்தால் அவளே சமைக்கட்டும், நூடல்ஸாக இருந்தாலும் சரி. வந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றாலும் விட்டுவிடுங்கள். அவளைப் பேசவைக்கும் முயற்சியில் இறங்காமல் நீங்களும் கணவரும் உங்கள் நாளைப் பற்றிப் பேசிக்கொள்ளுங்கள், பேருந்தில் ஏறிய விசித்திரமான பயணிகளைப் பற்றி அவருக்கு நிறையச் சொல்ல இருக்கும். தோழியைச் சாப்பிட அழைத்துவரலாமா என்று ஒருநாள் கேட்டால் உடனே சரி சொல்லுங்கள். ஹலால் பார்ப்பவளா, சைவமா என்று மட்டும் முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மகள் உங்களிடம் ஆறு மாதமாகச் சொல்லாததைத் தோழி இரண்டாவது கரண்டி சோற்றுக்குள் சொல்லிவிடுவாள்.